ஷோகேஸுக்குள் காய்கறி

லிங்கராஜபுரத்தில் சித்தப்பா வீட்டில் நான் இருந்தது மொத்தம் நான்கரை மாதம். ஐந்தாம் வகுப்பின் முதல் பாதி. அதற்கு முன்னும் பின்னும் நான் கோலார் தங்கவயல்காரிதான். ஆனாலும் யாராவது பெங்களூர் என்று சொன்னால், பிற்பாடு அங்கே வேலை பார்த்த வருஷங்களெல்லாம் ஒதுங்கிக்கொண்டு அந்த நான்கரை மாதம்தான் முன்னால் வந்து நிற்கும்.

சுரங்கத்தை மூடிவிடப்போகிறார்கள் என்ற பேச்சு எங்கள் லைன் வீடுகளில் தினமும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் யாரோ ஒருவரை பெங்களூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் அண்ணன் போனான், ஒரு வீட்டில் அப்பாவே போனார். எங்கள் வீட்டிலிருந்து நான் போனேன். தம்பிகள் இருவரும் சின்னவர்கள். பெரியவளான நான் இங்கிலீஷ் மீடியத்தில் நாலு எழுத்து படித்துவிட்டால் பிழைத்துக்கொள்வேன் என்று அப்பா நம்பினார். ஈஸ்டருக்கு சித்தப்பா தனியாக ஊருக்கு வந்திருந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். சித்தப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

"இதுக்கு இன்னாண்ணே கேட்டுக்கினு, அனுப்பு" என்றார்.

அவ்வளவுதான். ஜூன் மாதம் ஒரு தகரப்பெட்டியோடு லிங்கராஜபுரம் போய் இறங்கினேன்.

வீடு மாடியில் இருந்தது. ஒரு முன்னறை, அதன் பின்னால் சமையலறை, அதை ஒட்டி அவர்கள் படுக்கிற சின்ன அறை. முன்னறையில் எனக்கு ஒரு பாய். சித்தப்பா ஒரு கம்பெனியின் கார் ஓட்டுகிறவர். வெளிநாட்டிலிருந்து வந்து குடும்பத்தோடு தங்கியிருக்கும் பெரிய அதிகாரிகளை ஆபீசுக்கும் அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோய் விடுவார். சித்திக்கு ஒரு ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது.

போன மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"பாப்பா, கேஸ் புக் பண்ணியாச்சான்னு உங்க சித்தப்பாவக் கேளு" என்பாள் சித்தி, சமையலறை வாசலில் நின்றுகொண்டு. சித்தப்பா நாலடி தள்ளி உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பார். நான் அவர் பக்கம் திரும்பி, "கேஸ் புக் பண்ணியாச்சான்னு சித்தி கேக்கறாங்க" என்பேன். "பண்ணியாச்சு, வியாழக்கிழமை வரும்னு சொல்லு" என்பார். நான் இந்தப் பக்கம் திரும்பி அதைச் சொல்வேன். "வியாழக்கிழமை யாரு வீட்ல இருக்கறதாம்னு கேளு" என்று உடனே அடுத்தது வரும். காதில் விழுந்த வார்த்தையை நான் எடுத்துச் சொல்லும்வரை இருவரும் பொறுமையாகக் காத்திருப்பார்கள். பகல் முழுக்க ஊரார் பேச்சை ஒயர் வழியாக இணைத்துவிட்டு வரும் சித்திக்கு, வீட்டில் நான் ஆபரேட்டராக இருந்தேன்.

வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தேன். கோபமான வார்த்தைகளைக் கொஞ்சம் தட்டையாக்கிச் சொல்லவும் பழகிக்கொண்டேன். அந்த வீட்டில் நாள் முழுக்க யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் நீ சாப்பிட்டாயா, ஸ்கூலில் என்ன ஆச்சு, ராத்திரி பயமாக இருந்ததா என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. கேட்கக் கூடாது என்றில்லை. அவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த கோபத்தைப் பார்த்துக்கொள்ளவே நேரம் சரியாக இருந்தது.

எதற்கு அந்தக் கோபம் என்று எனக்குத் தெரியாது. மழைக்காலத்தில் சளி பிடிப்பதுபோலப் பெரியவர்களுக்கு இது வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு நேர் எதிரான அவஸ்தை. அங்கே என் வழியாகப் பேசக்கூட ஆள் கிடையாது. ஊரில் தமிழில் படித்துவிட்டு வந்தவள் நான். என் பெஞ்சில் இருந்த இரண்டு பெண்கள் ஒருத்திக்கொருத்தி இங்கிலீஷிலும் கன்னடத்திலும் பேசிச் சிரிப்பார்கள். நான் பக்கத்திலிருந்து, சிரிப்பு வரும் இடத்தை அவர்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து நானும் சிரிப்பேன். ஒருநாள் ஒருத்தி திரும்பி, "ஒய் ஆர் யூ லாஃபிங்?" என்று கேட்டாள். அதன்பின் சிரிப்பதை விட்டுவிட்டேன். மத்தியானம் குழாயடிப் பக்கம் போய்ச் சாப்பிடுவேன். மூன்றரைக்குப் பள்ளி விடும். பால்காரர் வீட்டில் கொடுத்துவைத்த சாவியை வாங்கிக்கொண்டு மாடி ஏறினால், சித்தி வரும் ஏழு மணிவரை வீடு என்னுடையது.

முன்னறையில் ஒரு ஷோகேஸ் இருந்தது. மரச்சட்டம், இழுத்துத் தள்ளும் இரண்டு கண்ணாடி, நடுவில் குட்டிப் பூட்டு, பின்புறம் முகம் பார்க்கும் கண்ணாடி. "அதத் தொட்டேன்னா பாரு" என்று வந்த அன்றைக்கே சித்தி சொல்லியிருந்தாள். நேராக என்னிடம் அவள் சொன்ன மிகச் சில வாக்கியங்களில் அது ஒன்று. மேல்தட்டில் கண்ணாடி டம்ளர்களும் ஒரு மாதா சுரூபமும் இருக்கும். கீழ்த்தட்டு, பாயில் படுத்தால் சரியாக என் கண்ணுக்கு நேரே வரும். அங்கேதான் அவர்கள் கல்யாண கேக்கின்மேல் நின்ற பொம்மை ஜோடி இருந்தது. கோட்டுப் போட்ட மாப்பிள்ளை, வெள்ளைக் கவுன் போட்ட பெண், இரண்டும் ஒரு விரல் உயரம். கல்யாணம் முடிந்து வேளாங்கண்ணி போனபோது வாங்கிவந்த மரச்சொப்புகளை அந்த ஜோடியின் முன்னால் சித்தி பரப்பிவைத்திருந்தாள். அடுப்பு, பானை, அம்மி, முறம், கூடை. பொம்மைகள் குடித்தனம் நடத்துவதுபோல.

நான் படுத்துப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பானைக்குள் ஒன்றுமில்லை, முறத்தில் ஒன்றுமில்லை. இத்தனை சாமான் இருந்தும் சமைக்க ஒரு மிளகாய்கூட இல்லாத வீடு. அந்தப் பெண் பொம்மை கோட்டுக்காரரைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

ஜூலையில் சித்தப்பா ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். அவர் கார் ஓட்டிய வெள்ளைக்கார வீட்டார் ஊருக்கே திரும்பிப் போகிறார்கள், பிள்ளையின் பழைய சாமான்களைக் கொடுத்துவிட்டார்கள் என்றார். கீழே வைத்தால் சித்தி ஏதாவது சொல்வாள் என்றோ, அதையும் நான்தான் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கும் என்றோ, அதை மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே வைத்துவிட்டு, "உனுக்குத்தான், வெளாடிக்கோ" என்று சொல்லிப் போனார்.

உடைந்த கார்கள், பக்கம் கிழிந்த புத்தகங்கள், இவற்றுக்கு அடியில் சாக்லேட் கட்டிகள்போல நிறம்நிறமாகச் சில துண்டுகள் இருந்தன. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை. அழுத்தினால் பழைய மெழுகுபோலக் கெட்டி. உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கத் தேய்க்க இளகி, சப்பாத்தி மாவைவிட வழவழப்பாக வந்தது. அதற்குப் பாலிமர் க்ளே என்று பெயர் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு அது எனக்குக் கலர் மண்.

முதலில் கத்தரிக்காய் செய்தேன். சிவப்பையும் நீலத்தையும் பிசைந்தால் கறுப்பாகத்தான் வந்தது. ஒரு துணுக்கு வெள்ளை சேர்த்ததும் ஊதா பிறந்தது. நெல்மணியைவிடக் கொஞ்சம் பருமனாக உருட்டி, ஒரு பக்கம் கிள்ளி வளைத்து, பச்சையைக் காகிதம்போலத் தட்டி, அரை பிளேடால் நட்சத்திரமாக வெட்டித் தலையில் ஒட்டினேன். காம்பு வைத்தேன். வெயிலில் தூக்கிப் பார்த்தபோது, சந்தைக் குவியலிலிருந்து தப்பித்து வந்து சுருங்கிப்போன நிஜக் கத்தரிக்காயைப்போலவே இருந்தது. வாயைத் திறந்து "ஐய்யே" என்றேன். தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம்தான் பதிலுக்குக் கேட்டது.

அப்புறம் மூன்றரை மணிக்காகக் காலையிலிருந்தே காத்திருக்கத் தொடங்கினேன். காரட் செய்து நகத்தால் வரி போட்டேன். தக்காளி, பச்சைமிளகாய், பீன்ஸ். காலிபிளவருக்குப் பழைய பல் பிரஷ்ஷால் குத்திக் குத்திப் பூ வரவழைத்தேன், அதற்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று.

ஆனால் ஒரு வாரமாகியும் எதுவும் காயவில்லை. எடுத்தால் விரல் பதிந்தது. கட்டி சுற்றியிருந்த காகிதத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு அடுப்புப் படம், பக்கத்தில் நூற்று முப்பது என்று எண், ஒரு கடிகாரம். அந்தமாதிரி அடுப்பு எங்கள் தெருமுனை பேக்கரியில் இருப்பது தெரியும்.

பேக்கரிக்காரர் ஹாசன் ஊர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், சின்னப் பெண்களையெல்லாம் புட்டி என்பார். மாவு படிந்த முண்டா பனியனோடு பின்பக்கம் நின்றிருந்தார். தகர மூடியில் நான் நீட்டியதைக் குனிந்து பார்த்தார்.

"ஏன் புட்டி, இது தின்றதுக்கா, பாக்கறதுக்கா?"

"பொம்மைங்க தின்றதுக்கு."

பனியனில் கையைத் துடைத்துக்கொண்டார். "ஆய்து, கொடு" என்று வாங்கி ரொட்டிகளுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார்.

ஐந்து நிமிஷத்தில் ரப்பர் எரிகிற நாற்றம் வந்தது. என் முதல் தோட்டம் முழுக்கக் கறுத்துப் பொங்கி மூடியோடு ஒட்டிக்கொண்டது. அவர் கன்னடத்தில் திட்டினார். ரொட்டியில் வாசனை ஏறினால் நாளைக்கு யார் வாங்குவார்கள், இன்னொரு தரம் வரவே பேடா என்றார். நான் அழவில்லை. நகரவும் இல்லை. காகிதத்தில் இருந்த எண்ணை மட்டும் விரலால் காட்டிக்கொண்டு நின்றேன். அதை வாங்கிப் பார்த்தவர், "இவ்ளோதானா சூடு? அத முதல்லயே சொல்லவேண்டாமா நீ?" என்றார். மறுவாரம் புதிதாகச் செய்துகொண்டு போனேன். ரொட்டி எடுத்து, பிஸ்கட்டும் எடுத்து, நெருப்பை வாரிக் கொட்டிய பின் அடுப்புக்குள் கையை நீட்டிப் பத்துவரை எண்ணினார். "இப்போ வை" என்றார். வெளியே வந்தபோது எல்லாம் கல்லுமாதிரி இறுகி, நிறம் மாறாமல் இருந்தன. ஒரு காரட்டை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்து, "சக்கத்தாகிதே", பிரமாதமாக இருக்கிறது என்று அவர் சிரித்தார். பெங்களூரில் என்னைப் பார்த்து ஒருவர் சிரித்தது அதுதான் முதல்முறை என்று சொன்னால் மிகையாக இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

செய்தாயிற்று. இனிக் கொடுக்கவேண்டும். ஷோகேஸ் சாவி ஒன்று சித்தியின் கைப்பையிலும் இன்னொன்று சித்தப்பாவின் சாவிக்கொத்திலும் இருந்தது. ஆனால் மழைக்கு மரம் உப்பி ஒரு ஓரத்தில் கண்ணாடி சரியாக உட்காராமல் இருந்தது. அழுத்தித் தள்ளினால் ஒரு சந்து விடும். அந்த வீட்டில் அதற்குள் நுழையக்கூடிய கை என்னுடையது மட்டும்தான். ஒரு சாயங்காலம் நான்கு கத்தரிக்காய்களை முறத்தில் வைத்துவிட்டுக் கையை உருவிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சித்தி வழக்கம்போல ஷோகேஸின் பின்கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றது. குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு குளியலறைப் பக்கம் திரும்பினாள், உள்ளே சித்தப்பா தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நான் ஷூ லேஸைக் கட்டி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். என் பக்கம் அவள் பார்க்கவேயில்லை.

அன்று சாயங்காலம் அவள் பையில் கத்தரிக்காய் இருந்தது. காரக்குழம்பு வைத்தாள். சித்தப்பாவுக்குக் கத்தரிக்காய்க் காரக்குழம்பு என்றால் உயிர். என்ன இது திடீரென்று என்பதுபோலப் பார்த்துவிட்டு இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டவர், "நல்லாக்கீதுன்னு சொல்லு" என்றார். சொன்னேன். "சரின்னு சொல்லு" என்றாள் சித்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

காரட் வைத்தேன், காரட் பொரியல் வந்தது. பீன்ஸ் வைத்தேன், பீன்ஸ் வந்தது. இது இப்படித்தான் நடக்கிறது என்று பிடிபட்டதும், எனக்குப் பிடித்த உருளைக்கிழங்கை இரண்டு வாரம் தொடர்ந்து வைத்தேன். பாகற்காய் என் கைக்கு வரவேயில்லை. சித்தி இதையெல்லாம் யார் வைப்பதாக நினைத்தாள் என்பது எனக்கு மெல்லத்தான் விளங்கிற்று. சாவி இருந்தது இரண்டு பேரிடம். அவள் வைக்கவில்லை. பெரிய பெரிய வீட்டு வாசல்களில் கார் நிறுத்துகிறவர், எங்கோ ஒரு பெரிய கடையில் பார்த்து வாங்கிவருகிறார். அவ்வளவு அழகாக இருந்தன அவை என்பதில் எனக்குப் பெருமை. நான் என்று அவளுக்குத் தோன்றாததில் ஒரு வலி. நான்தான் என்று சொன்னால் ஷோகேஸைத் தொட்ட கதை வெளியே வரும். அதனால் பேசாமல் இருந்தேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் நான் முருங்கைக்காய் செய்து வைத்திருந்தேன். காலிபிளவர் அளவுக்கு அதில் வேலைப்பாடு கிடையாது. விளக்குமாற்றுக் குச்சிப் பருமனில் பச்சையை நீட்டி உருட்டி, முறுக்கி, மூன்றை ஒன்றாக நூலால் கட்டி அம்மிமேல் சாத்தியிருந்தேன். சித்தி தலை வார வந்தாள். பார்த்தாள். முதலில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சீப்பால் வாயை மூடிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து சிரித்தாள். பிறகு நேராக, என் பக்கம் திரும்பாமல், என்னை ஆபரேட்டராக வைத்துக்கொள்ளாமல், நாற்காலியில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவிடமே சொன்னாள்.

"ஏங்க, வீட்ல ஒரு புள்ளைய வெச்சிக்கினு, முருங்கக்கா கேக்குதா ஒங்களுக்கு?"

சித்தப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று மாதம் கழித்துக் காதில் நேராக விழுந்த பேச்சு வேறு. எழுந்து வந்து ஷோகேஸைப் பார்த்தார். முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்தார், முறத்தில் கத்தரிக்காயைப் பார்த்தார், கூடையில் காரட்டையும் காலிபிளவரையும் பார்த்தார். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். என் நகக்கண்ணில் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

ஒரு நொடிதான். பிறகு சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "கேட்டா தப்பா?" என்றார்.

சித்தி அவர் தோளில் சீப்பால் ஒன்று போட்டுவிட்டுச் சமையலறைக்குள் ஓடினாள். இத்தனை கஷ்டப்பட்டுக் காலிபிளவர் செய்தேனே, அதற்கு வராத சிரிப்பு இந்தக் குச்சிகளுக்கு ஏன் வந்தது என்று எனக்குப் பிடிபடவேயில்லை. பிடிபடப் பல வருஷம் ஆயிற்று.

அன்று மத்தியானம் சித்தப்பா மொட்டைமாடிக்கு வந்தார். என் பிளேடு, பல் பிரஷ், பாதி செய்த வெங்காயம் எல்லாவற்றையும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"இத்தினியும் நீயா பண்ணே?"

தலையாட்டினேன்.

"நல்லாத்தான் பண்ணிக்கீறே" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "சித்தி, நான் வாங்கியாந்ததுன்னு நெனச்சிக்கினா. அப்பிடியே இருக்கட்டும், இன்னா? நம்ம ரெண்டு பேருக்குள்ள. நீ பண்ணிக் குடு, நான் வெக்கிறேன்."

நம்ம ரெண்டு பேருக்குள்ள என்று சொன்னாரே, அது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சத்தியம் செய்து கொடுத்தேன். இனிமேல் சந்துக்குள் கைவிட்டுச் சிராய்த்துக்கொள்ள வேண்டாம், சாவி வைத்திருக்கிறவரே வைப்பார். வீட்டிலும் பேச்சு வந்துவிட்டது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சரியாகத்தான் ஆயிற்று. அவர்கள் பேசினார்கள். சமைக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் பேசினார்கள். கேஸ் புக் பண்ணியாச்சா என்று அவளே கேட்டாள், பண்ணியாச்சு என்று அவரே சொன்னார். பழக்கத்தில் நான் இரண்டு முறை குறுக்கே திரும்பி, சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். படிக்கட்டடியில் தூசி படிந்து நின்ற சித்தப்பாவின் ஸ்கூட்டர் மறுபடி சுத்தமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் என்னை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் எங்காவது போய்விட்டு வருவார்கள். வரும்போது எனக்குப் பஃப் வாங்கிவருவார்கள், அதையும் சொல்லவேண்டும். முன்பெல்லாம் நாளைக்கு ஐம்பது தரம் என் பெயர் அந்த வீட்டில் கேட்கும். இப்போது சில நாள், காலையில் "எழுந்துக்கோ"வுக்குப் பிறகு ஏழு மணிவரை யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். நான் செய்து கொடுத்த வெங்காயத்தைக் கூடையில் பார்த்து சித்தி, "எங்கதான் புடிக்கறாரோ" என்று என்னிடமே ஆச்சரியப்பட்டாள். எங்கே பிடிக்கிறாரோ, என்று நானும் ஆச்சரியப்பட்டேன்.

தசரா லீவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வெளியே போகவில்லை. "கொஞ்ச நேரம் படிக்கட்டுல உக்காந்துக்க பாப்பா" என்று சொல்லிவிட்டுச் சித்தி கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மூன்றாம் படியில் உட்கார்ந்தேன். உள்ளே பேச்சு நடந்தது. வார்த்தை கேட்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. சித்தியின் குரல் நீளமாக வரும், நடுவே சித்தப்பாவின் குரல் சின்னதாக வரும். சண்டை இல்லை. ஒரு இடத்தில் சித்தி மூக்கை உறிஞ்சினாள், அவர் ஏதோ சொன்னார், அவள் மறுபடி தொடர்ந்தாள். ஒரு மணி நேரத்துக்குமேல் பேசினார்கள். நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் பேசாதிருந்த இரண்டு பேரை இப்படிப் பேசவைத்தது யார் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்த நான்கரை மாதத்தில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நேரம் எது என்று கேட்டால், அந்தப் படிக்கட்டைத்தான் சொல்வேன்.

என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள், துணி மடித்துக்கொண்டே சித்தி அதைச் சொன்னாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "நீ வந்ததுலதான்டி எங்களுக்குள்ள பேச்சே நின்னுது. என்னை ஒரு வார்த்த கேக்கல உங்க சித்தப்பா. ஊருக்குப் போனாரு, வந்தாரு, அண்ணன் பொண்ணு வருதுன்னாரு. ஏழு பேரோட ஒரே ரூம்புல வளந்தவ நானு. கல்யாணம் ஆனாத்தான் நமக்குன்னு ஒரு எடம்னு நெனச்சிக்கினு இருந்தேன். அந்தக் கோவம்." காய்கறி வாங்கிவந்து வைத்து அவர் சமாதானம் பண்ணாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ என்றும் சொன்னாள். சமாதானம் ஆன பின்னால்தான் உட்கார்ந்து பேச முடிந்ததாம். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பேசினார்களாம். தசராவோடு என்னை ஊருக்கே அனுப்பிவிடலாம், அண்ணனுக்கு சித்தப்பாவே போன் பண்ணிப் பக்குவமாகச் சொல்லிவிடுவார் என்று.

"உனுக்கு வருத்தம் இல்லியே?" என்றாள்.

"இல்ல சித்தி" என்றேன். நிஜமாகவே இல்லை. இரண்டு பேர் குடித்தனத்துக்கு நடுவே ஒரு பாயை விரித்தது நான்தான். பக்கத்து அறையில் சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்த டிவியின் சத்தம் குறைந்திருந்தது. சத்தியத்தை நான் அப்போதும் காப்பாற்றினேன்.

ஆனால் ஒன்பது வயதில், அப்பா என்னை அழைத்துப்போக வந்தபோது, எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. தசரா லீவு, அப்பா வந்திருக்கிறார், தம்பிகளைப் பார்க்கப்போகிறேன், அவ்வளவுதான். அப்பா முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு ஒரு காகித உறையோடு வந்தார். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். சித்தி என் தகரப்பெட்டியை அடுக்கினாள். யூனிஃபார்மை வைத்தாள், எல்லாப் புத்தகத்தையும் வைத்தாள், என் பல் பிரஷ்ஷையும் சோப்பு டப்பாவையும் வைத்தாள். லீவுக்கு யூனிஃபார்ம் எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும், துவைச்சு வெச்சிக்கலாம்" என்றாள்.

கிளம்பும் நேரத்தில் அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து ஷோகேஸைத் திறந்தாள். நான் பார்த்து அது திறந்ததே இல்லை.

"உனுக்குப் புடிச்சத ஒண்ணு எடுத்துக்க பாப்பா" என்றாள். "உங்க சித்தப்பா எனக்காக வாங்கியாந்தது. பரவால்ல, எடுத்துக்க."

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னாலேயே படி இறங்கிப் போய்விட்டார்.

"வந்து எடுத்துக்கறேன் சித்தி" என்றேன். "லீவு முடிஞ்சி வந்தா இங்கதானே இருக்கும்?"

சித்தி முறத்திலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து, என் கையைப் பிரித்து, அதில் வைத்து மூடினாள். பிறகு குனிந்து என் நெற்றியில் சிலுவை போட்டாள். அதுவரை அவள் என்னைத் தொட்டதில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. பத்து நாள் லீவுக்குப் போகிறவளுக்காக இப்படிக் கலங்குகிறாளே, செய்தது நான் என்று தெரியாமலேயே இவளுக்கு என்மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வந்ததும் இவளுக்கு இன்னும் நிறைய செய்து கொடுக்கவேண்டும் என்று தீர்மானித்தேன்.

ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. இன்னும் என்னென்ன செய்யவேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். பரங்கிக்காய் இல்லை, முள்ளங்கி இல்லை, கறிவேப்பிலை ஒரு கொத்து வைத்தால் நன்றாக இருக்கும். பச்சை தீர்ந்துகொண்டிருந்தது, கொஞ்சம் மிச்சம்பிடிக்க வேண்டும்.

"லீவு எத்தினி நாளுப்பா?" என்று கேட்டேன்.

அப்பா வெளியே பார்த்துக்கொண்டே என் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"நெறைய நாளு கீதும்மா" என்றார்.

அது போதும் எனக்கு. நிறைய நாள் இருந்தால் நிறைய யோசித்து வைத்துக்கொள்ளலாம்.